மைனர் என்றால் யார்?

விபத்தில் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் இறந்த பிறகு, அவர்களுடைய எட்டு வயது மகள் எங்களோடுதான் இருக்கிறாள். சட்டப்படி நாங்களே அவளுக்குக் கார்டியன் ஆக வேண்டும் என்று மனுப் போட, அவளையும் கூட்டிக்கொண்டு உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம்.

எழுதிய மனுவை வக்கீல் உரக்க வாசித்தார். "பெற்றோரை இழந்த மேற்படி மைனர்..."

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "நிறுத்துங்க! பச்சப் பிள்ளையப் போயி மைனருன்னு எழுதியிருக்கீக? சில்க் ஜிப்பாவும் தங்கச் செயினுமாப் பொம்பளைக பின்னால திரியிறவனத்தான எங்க அனுமந்தன்பட்டில மைனரும்பாக!"

பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? முழங்கையால் ஓர் இடி இடித்தேன். மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பதினெட்டு வயசு ஆகலன்னா சட்டத்துல எல்லாரும் மைனர்தாங்க. அந்தக் காலத்துல ஜமீன்தார் செத்து, மகன் சின்னப் பிள்ளையா இருந்தா, சர்க்காரே சொத்தப் பாத்துக்கிட்டு அவன மைனருன்னு எழுதும். அவன் வளந்து, மீசை நரைச்ச பிறகும் சொத்த அழிச்சுக்கிட்டுத் திரிஞ்சான். மைனருங்கிற பேரும் ஒட்டிக்கிருச்சு."

அதுவரை மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஜமீன் இல்லாத பிள்ளைகளுக்கு அப்பா செத்தா, அவுகள என்னன்னு எழுதுனாக?"

வக்கீலின் சிரிப்பு நின்றது. "அவுகளப் பத்தி யாரும் எழுதவே இல்ல தாயி."

என் வீட்டுக்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

"மைனருன்னே எழுதுங்க சார்," என்றார். "கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க."