கை மாறிய கரண்டி

அம்மா வீட்டில் இருக்கும் நாளில் யாராவது கதவைத் தட்டினால், அப்பா கையிலிருக்கும் கரண்டி உடனே அம்மா கைக்குப் போய்விடும். அப்பா ஓடிப்போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். அதுவரை தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவதுபோல் நடிப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி.

அம்மா அணுபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊரான கருங்குழியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் டியூட்டிக்குப் போக முடியும். வீட்டிலேயே தையல் தொழில் செய்த அப்பாதான் மூன்று வேளையும் சமைத்தார். பேர் மட்டும் அம்மாவுக்கு.

பெரியப்பா எங்கள் சர்ச்சில் பிரசங்கம் செய்யும் உபதேசியார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கறுப்புச் சட்டைக்காரர். பெண் விடுதலை பற்றி மேடை போட்டுப் பேசுவார். சாமி இல்லை என்பார், பண்டிகைச் சாப்பாட்டை மட்டும் விடமாட்டார். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

அந்த ஈஸ்டர் அன்று இருவரும் ஒன்றாக வந்து கதவைத் தட்டினார்கள். அப்பா அப்போதுதான் கறிக்குழம்பில் உப்புப் போட்டிருந்தார். கரண்டி கை மாறியது. உப்புப் போட்டாயிற்று என்று தெரியாமல் அம்மாவும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். பிறகு உள்ளங்கையில் துளி ஊற்றி ருசி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டியை மூடினாள்.

முதல் வாயிலேயே பெரியப்பா முகம் கோணியது. “ஏவாள் காலத்துலேர்ந்தே பொம்பளையால வந்த வினைதான்” என்றார். மாமா விடுவாரா? “இன்னாக்கா இது? வேலைக்குப் போ, வேணாங்கல. அதுக்குன்னு வூட்ட கவனிக்க வேணாமா?”

வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்தார்.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க. கொழம்பு வெச்சது நானு. தெனமும் நாந்தான் ஆக்குறேன். கிறிஸ்மஸுக்கு மூணு வாட்டி வாங்கி சாப்ட்டீங்களே, அதுவும் நான் வெச்சதுதான்.”

கடவுளே நேரில் வந்து நின்றிருந்தாலும் மாமா அப்படி முழித்திருக்கமாட்டார். அப்பா கரண்டியை எடுத்து, “ரசம் நல்லாகீது, ஊத்திக்கோங்க” என்று அவரே பரிமாறினார்.

‘இவள்தான் கொடுத்தாள்’ என்று ஆதாம் கைகாட்டிய கதையை ஞாயிறு பள்ளியில் படித்திருந்தேன். என் அப்பா கைகாட்டவில்லை. அம்மா போட்ட உப்பைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. பெருமை தாங்காமல் அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றும் சொல்கிறேன்.

அதன்பின் எங்கள் வீட்டுக் கதவு பகலில் திறந்தே கிடந்தது. என் வேலை போயிற்று.

ஒன்று மட்டும் அப்போது விளங்கவில்லை. குழம்பு கரிப்பது அம்மாவுக்குத் தெரியும். இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும், நேரமும் இருந்தது. அவள் ஏன் பேசாமல் மூடினாள்? கல்யாணமான புதிதில், யாரோ காலிங்பெல் அடித்ததும் என் கணவர் கரண்டியை என் கையில் திணித்துவிட்டு ஹாலுக்கு ஓடினாரே, அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நானும் உப்பு டப்பாவை எடுத்தேன்.