கைக்கு வரும் தொகையைக் கேட்டவர்

சித்தூரில் பத்திரம் எழுதிவந்த தேவசகாயம் அவர்கள் காலமான செய்தி, திருப்பதி முன்சீப் கோர்ட்டில் நான் ஒரு சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தபோது துண்டுச் சீட்டில் வந்தது. வாய்தா கேட்டுக்கொண்டு, பாகாலா வழியாகச் சித்தூருக்கு ரயிலேறினேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வது என் கடமை. அதில் பிழை என்னுடையது.

பங்காருபாளையத்து முனிசாமி, கிணறு வெட்டுவதற்காகத் தம் மாந்தோட்டத்தை அடமானம் வைக்க முன்வந்தார். அந்தத் தோட்டம் தவிர அவருக்கு வேறு சொத்தில்லை. சித்தூர் மண்டிக்காரர் ஒருவர் மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி சொன்னார். திருப்பதியில் ஒருவர் ஒரு ரூபாய் சொன்னார். எது குறைவென்று பார்க்கச் சட்டப் படிப்பு வேண்டுமா என்றெண்ணி, மண்டிக்காரரையே சிபாரிசு செய்தேன்.

பத்திரம் எழுத உட்கார்ந்த தேவசகாயம் அவர்கள் வட்டியைக் கேட்கவே இல்லை.

"முனிசாமி, கையில எவ்ளோ வாங்கிக்கினு போவே?"

"பத்திரத்துல ஆயிரங்க."

"பத்திரத்த நான் எழுதிக்கிறேன். கைக்கு எவ்ளோ?"

முனிசாமி விரல் மடக்கினார். "ஒரு வருச வட்டி தொண்ணூறு முன்னாடியே புடிச்சிக்குவாங்க. தரகு இருபத்தஞ்சி. கோயில் மகமை பதினஞ்சி. எண்ணூத்தி எழுபது வரும்."

"மாங்கா எங்க போடுவே?"

"கடன் தீர்றவரைக்கும் அவங்க மண்டிக்குத்தான். நூத்துக்குப் பத்து கமிசன்."

மண்டிக்காரரின் காரியஸ்தர் சிரித்தார். "நீங்க பத்திரம் எழுதறவரா, வக்கீலா? வக்கீலே கம்முனு குந்திக்கினு இருக்காரு!"

"அவருக்குப் படிப்பு சாஸ்தி. சில்லறைக் கேள்விய எனக்கு உட்டுட்டாரு."

என் முகம் சுருங்கியது. அவர் ஒரு தாளில் கணக்கிட்டு என் பக்கம் நகர்த்தினார். திருப்பதிக்காரரிடம் பிடித்தம் எதுவும் இல்லையென்று விசாரித்து வைத்திருந்தார். அவரிடம் எண்ணூற்று எழுபது மட்டும் வாங்கினால், ஓராண்டு முடிவில் மீட்க ஏறத்தாழத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. இங்கே ஆயிரம்; மாங்காய்க் கமிஷன் தனி. குறைந்த வட்டியே கூடுதல் விலையாயிருந்தது.

"ஆயிரம் ரொக்கமாப் பெத்துக்கினேன்னு இவர் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு கோர்ட்டுல நீங்களே வந்தாலும் இல்லைன்னு சொல்ல முடியாதுங்க சார். வாங்காத பணத்த நான் எழுத மாட்டேன்" என்று பேனாவை மூடினார்.

முனிசாமி திருப்பதிக்குப் போனார். மண்டிக்காரரோ அதன்பின் தேவசகாயம் அவர்களுக்கு ஒரு பத்திரமும் அனுப்பவில்லை. அவருடைய வரும்படியில் பாதியாவது அந்த மண்டியிலிருந்து வந்ததென்று பின்னரே அறிந்தேன். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இருந்ததில்லை.

மிஷன் கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்து முடித்ததும், ஒவ்வொருவராக மண் போட்டோம். முனிசாமி தயங்கி நின்றார். பிறகு வேட்டி முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்தார்.

"இது நம்ம தோட்டத்து மண்ணுங்க. போடலாமா?"

போதகர் தலையசைத்தார். அந்தச் செம்மண் பெட்டியின்மேல் மெல்ல விழுந்தது. அமைதியாக உறங்குங்கள், ஐயா.