சேர்க்காத முந்நூறு அடி

விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்லும். கடுங்குளிரில் காற்று இறுகிவிட்டால் அது ஏமாந்துபோகும். நாம் தாழப் பறந்துகொண்டிருக்க, உயரத்தில் இருப்பதாகக் காட்டும். அதனால் பனி ஊர்களில் இறங்கும் முன் அட்டவணையைப் பார்த்து, இறங்கும் பாதைக்குக் குறித்திருக்கும் உயரங்களோடு இத்தனை அடி என்று கூட்டிக்கொள்ள வேண்டும். துணை விமானியான என் வேலை அது. வெறும் கூட்டல் கணக்கு. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன்.

அன்று வெளிநாட்டில், மலை சூழ்ந்த ஒரு சின்ன விமான நிலையம். மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. கண்ணாடிக்கு வெளியே மேகம் மட்டும்தான். ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண்மணி. "குளிருக்கான திருத்தம் போட்டாச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "டன்" என்றேன், முடித்துவிட்டதாக. போடவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழக்கம் அது. பெரியவர்கள் கேட்டால் முதலில் "ஆச்சுங்க" என்றுவிடுவோம். பிறகு ஓடிப்போய்ச் செய்வோம். கரும்புக்கு மடை மாற்றினாயா என்று அப்பா கேட்டால், வரப்பில் உட்கார்ந்தபடியே "ஆச்சுப்பா" என்பேன். அவர் வந்து பார்ப்பதற்குள் மாற்றியும்விடுவேன்.

இங்கே அட்டவணையை எடுக்கப் போனபோது ரேடியோ கூப்பிட்டது. பதில் சொன்னேன், மறந்துபோனேன். சிறிது நேரத்தில் தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கை அலறியது. கேப்டன் ஒரு நொடிகூடத் தயங்காமல் விமானத்தை மேலே ஏற்றினார். இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய முந்நூறு அடி தாழ வந்திருந்தோம். பின்னால் இருக்கைகள் நிறைய ஜனம்.

இரண்டாம் முறை திருத்தத்தை அவரே போட்டு இறக்கினார். ரிப்போர்ட்டில், சரிபார்க்காதது தன் தவறு என்று எழுதினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போடாமலே "டன்" சொன்னதை நானும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன்: "மொத தடவ எறக்க முடியலப்பா. கேப்டன் அவங்க தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

லீவில் ஊருக்கு வந்தேன். மார்கழி. தேன் வாங்க வெள்ளிமலைக்கு அப்பாவோடு பஸ் ஏறினேன். கல்வராயன் மலையில் பஸ் ஏற ஏற எல்லோரும் மப்ளரை இறுக்கினார்கள். "இன்னாங்க, குளுரு ஜாஸ்தியா கீதே" என்றார் முன் சீட்டுக்காரர். அப்பாவுக்கு அது போதும்.

"எம்புள்ள பிளேன் எறக்கற ஊருல இதெல்லாம் குளுரே இல்லிங்க. அன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா? பெரிய பைலட்டு ஒரு பொம்பள. கணக்குல கோட்ட உட்டுடுச்சி. இவன்தான் சமாளிச்சி எறக்கிக்கினு வந்தான். இல்லன்னா அத்தினி பேரும் போயிருப்பாங்க."

அப்பா பொய் சொல்லவில்லை. நான் விட்ட இடத்தை அவர் பாசத்தால் நிரப்பியிருந்தார்.

"பொம்பளைங்ககிட்ட குடுத்தா அப்பிடித்தான்" என்றார் முன் சீட்டுக்காரர். பிறகு திரும்பி என்னையே கேட்டார்: "நெசமாங்க தம்பி?"

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.