ஒயரைப் பிடித்துக்கொண்டு

மாமா இறந்த பிறகுதான் அவருடைய கம்ப்யூட்டர் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் அம்மாவின் தம்பி. திருப்பதியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். புது மிஷின்கள் வந்தபோது பழையதில் ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது யானை கட்டி வைத்திருப்பது போல. லீவுக்குப் போனால் மாமா என்னை மடியில் உட்காரவைத்து, என் பெயரைப் பச்சை எழுத்தில் திரை முழுக்க ஓடவிடுவார். ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் எங்களைப் பார்க்கக் கிளம்பியவர் வழியில் இருக்கும் புத்தலப்பட்டைத் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்ததும் மாமி எங்களோடு வந்து தங்கினாள். யாரோடும் பேசுவதில்லை. சர்ச்சுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. கம்ப்யூட்டர் பின்னறையில் போர்வை போர்த்திக் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போது யாரோ படுத்திருப்பதுபோல் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமி போர்வையை எடுத்துவிட்டு, தானே ஒயர்களைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். உள்ளே விசிறி சுற்றியது. 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா வந்து பிளக்கை மாற்றிப் போட்டார், வெளிச்சத்தைக் கூட்டும் திருகைத் திருகினார். திரையின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"உயிர் இருக்குது, மூஞ்சிதான் காட்டமாட்டேங்குது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமி வெகுநேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மேஜைக்குப் பின்னால் புகுந்தேன். திரையிலிருந்து தடித்த சாம்பல் நிற ஒயர் ஒன்று பெட்டிக்குப் போயிற்று. அது பெட்டியில் செருகியிருந்த இடத்தில் கையை வைத்து அழுத்தினேன். முன்னால் மாமி மூச்சை இழுத்தது கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் முகம் பச்சையாக இருந்தது.

"அப்பிடியே புடிச்சிக்கினு இரு கண்ணு" என்றாள். "வுட்டுடாதே."

அன்றிலிருந்து அது என் வேலை ஆகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் மாமி ஜன்னலைச் சாத்துவாள். நான் பின்னால் குந்தி ஒயரை அழுத்திப் பிடிப்பேன். கையை எடுத்தால் படம் போய்விடும். அதனால் திரையில் என்ன வருகிறது என்று நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமியின் முகமும் சத்தங்களும்தான். அவள் ஏதோ ஒரு பட்டனை ஒரு தட்டு தட்டுவாள். பெட்டிக்குள் 'கர்ர் கர்ர்' என்று ஏதோ உறுமும், தொண்டையைச் செருமுவதுபோல. பிறகு நிசப்தம். மாமியின் கண்கள் இடமிருந்து வலமாக மெல்ல நகரும்.

"உங்க மாமா கேக்கறாரு" என்பாள். "ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்களாம்?"

நான் வாய்ப்பாடு, பாட்டு, வாத்தியாரிடம் வாங்கிய அடி எல்லாவற்றையும் சொல்வேன். எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் மாமி ஒரே ஒரு தட்டுதான் தட்டுவாள். பெரியவர்கள் சுருக்கமாக எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் உறுமல். மறுபடியும் ஒரு கேள்வி.

ஒரு நாள், "கால் மரத்துப்போச்சான்னு கேக்கறாரு" என்றாள். என் வலது கால் அப்போது உண்மையாகவே மரத்துப்போயிருந்தது. மாமி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் கால் தெரிய வழியில்லை. பின்னங்கழுத்தில் மயிர் குத்திட்டு நின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மாமா போய்விடுவாரே.

கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். செத்தவர்களோடு பேசுவது பெரிய பாவம் என்று மாமியை அதட்டினாள். மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டானா?" என்றாள்.

மாமி ஒரு தட்டு தட்டினாள். பெட்டி உறுமிற்று.

"அக்கா துன்னாளான்னு கேக்கறாரு, அண்ணி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று அம்மா நைனாவிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமாவோடு வேலை பார்த்த தெலுங்குக்காரர் ஒருவரை நைனா திருப்பதியிலிருந்து அழைத்து வந்தார். அவர் ஒயரைக் கழற்றி, அதன் முனையை வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே வரிசையாக இருந்த ஊசி போன்ற கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது. சிறு குறடால் அதை நிமிர்த்திச் செருகினார். யாரும் பிடிக்காமலே திரையில் வெளிச்சம் வந்தது.

நான் முதல் தடவையாக முன்னால் ஓடிவந்து பார்த்தேன். பச்சை எழுத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி இருந்தது. அவர் ஒரு பட்டனைத் தட்டினார். பெட்டி உறுமிற்று. கீழே அதே வரி இன்னொரு முறை வந்தது.

"டிஸ்க் லேதம்மா" என்றார் அவர் தெலுங்கில். பிறகு எல்லோருக்குமாகத் தமிழில் விளக்கினார். உள்ளே டிஸ்க் இல்லை. அது இல்லாமல் இந்த மிஷினுக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க் போட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்று மட்டும் கேட்கும். தட்டினால் தேடிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே கேட்கும். வேறு எதுவும் இதில் வந்திருக்கவே முடியாது.

அந்த டிஸ்க் மாமாவின் பையில் இருந்தது. பை புத்தலப்பட்டு ரோட்டிலேயே நசுங்கிப்போயிற்று. அம்மா மாமியைப் பார்த்தாள். நைனா ஜன்னலைத் திறக்கப் போனார். வேறு டிஸ்க் போட்டு அனுப்புகிறேன், வேண்டிய வேலையெல்லாம் செய்யலாம் என்றார் வந்தவர்.

மாமி திரையில் இருந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, மெதுவாக, காப்பி கொண்டுவரட்டுமா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்தக் கம்பிய முன்ன மாதிரியே வளைச்சிடுங்க அண்ணா."

வந்தவர் நைனாவைப் பார்த்தார். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. என் வேலை போய்விடக்கூடாது என்று எனக்காகத்தான் மாமி அப்படிக் கேட்கிறாள் என்று நினைத்து, மேஜைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.