பின்சுவரில் திறந்த வழி

களக்காட்டில் வசிக்கும் எனக்குப் பாளையங்கோட்டையில் வாடகை வீடு ஒன்று உண்டு. சென்ற சித்திரை முதல் வெள்ளியன்று, வாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் பின்சுவரில் வழி திறக்கலாமா என்று குடியிருக்கும் குமாஸ்தா கேட்டார். வாய்மொழியாகச் சம்மதித்து, வழக்கம்போல் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

புறவாசலில் இன்னொரு வாடகை அறை கட்டத் தை மாதம் உத்தர மரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுப் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு அந்த வழியே போய்க்கொண்டிருந்தார்கள்.

குமாஸ்தாவைச் சந்தேகத்தோடு பார்த்தேன். "அவுக கேக்காக, நான் எப்படி வேண்டாம்ங்கது?" என்றார்.

பேச்சுக் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "எங்க அப்பா காலத்து நடவழி வே இது. இங்கன நீரு அறை கட்ட முடியாது."

நல்லவேளையாக, சுவரை உடைக்கக் குமாஸ்தா அமர்த்திய கொத்தனாரின் பெயரும் என் நாட்குறிப்பில் இருந்தது. மறுநாள் அவரையே கூட்டிவந்தேன்.

"முழுச் சுவராத்தான இருந்துச்சு அண்ணாச்சி. நான் இடிக்கையில நீங்க நின்னு பாத்தியளே, மறந்துட்டியளா?" என்று எதிர்வீட்டுக்காரரிடம் கொத்தனார் கேட்டார்.

அவர் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அன்றே வழியை அடைத்தோம்.

குமாஸ்தா இதற்கு உடந்தையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இப்போது எந்தச் சம்மதத்தையும் எழுதி, அண்டை வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். பாளையங்கோட்டை போனால், கதவைத் தட்டுமுன் பின்சுவரைப் பார்த்துவிடுகிறேன்.