தலைத்துணி கேட்ட பீரங்கிப் படகு

நம்புகிறவர் நம்பட்டும். எங்கள் வீட்டில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. டைக்ரிஸ் ஆற்றில், அமாரா ஊருக்குக் கீழே உள்ள வளைவில், இது எனக்கே நடந்தது.

என் அப்பா தாகர் ஆற்று வழிகாட்டி. ஆற்றைக் காவல் காக்க வெள்ளைக்காரன் ஒரே அச்சில் செய்து இறக்கிய சின்னப் போர்க்கப்பல்களில் ஒன்றை அவர்தான் ஓட்டினார். ஒற்றைப் புகைபோக்கி, முன்னால் ஒரு பீரங்கி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அது அந்த வளைவில் மூழ்கியது. அப்பா திரும்பவில்லை. அவருடைய தலைத்துணி மட்டும் கரை ஒதுங்கியது. அதையும் எறிந்துவிட்டுக் குதித்து ஓடிவிட்டான் என்றது ஊர்.

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அன்று மத்தியானம் நாணல் கட்டுகளோடு படகில் வந்தோம். கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி முஜ்பில், வளைவைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன மச்சான், குதிக்கப் போறீங்களா? உங்க குடும்பத் தொழிலாச்சே!"

"வாயை மூடிட்டுக் கழியைப் போடுடா."

அப்போதுதான் புழுதிப் புயல் இறங்கியது. பகல் இருண்டது. காற்று... சட்டென்று நின்றது.

டக்... டக்... டக்...

எஞ்சின் சத்தம். புகை நாற்றம்.

"அந்தக் கப்பலெல்லாம் போய் எத்தனை காலமாச்சு?" முஜ்பில் முணுமுணுத்தான்.

புழுதிக்குள்ளிருந்து ஒற்றைப் புகைபோக்கி வந்தது. பிறகு பீரங்கி. அதன் வாயிலிருந்து சேறு வழிந்தது. கப்பல் நகர்ந்தது... தண்ணீர் நகரவில்லை. ஒரு நாணல்கூட அசையவில்லை.

எதிரே வரும் படகை விசாரிக்காமல் விடுவது எங்கள் ஆற்றில் மரியாதை இல்லை. கேட்டேன்.

"எந்த வீட்டு ஆளு?"

"தாகர் வீடு."

முஜ்பில் கழியை நழுவவிட்டான்.

சுக்கான் அறைச் சன்னலில் ஒருவர். வெறுந்தலை.

"தலைத்துணி இருந்தா குடு, தம்பி. வெறுந்தலையோட வீட்டுக்கு எப்படி வர்றது?"

எங்களில் ஆண்பிள்ளை அப்படி வாசல் மிதிக்க மாட்டான். என் துணியை அவிழ்த்து நீட்டினேன். பயம் வரவில்லை. உடம்பே மரத்திருந்தது...

ஈர விரல்கள் வாங்கிக்கொண்டன.

காற்று வீசியது.

ஆறு காலி.

அந்தக் கோடையில் ஆறு வற்றியது. இரும்புக்காகக் கப்பலைத் தோண்டினார்கள். சுக்கான் அறைக் கதவு உள்ளே தாழிட்டபடி துருவேறிக் கிடந்தது. உடைத்தார்கள். கூரைவரை இறுகிய சேறு. வெட்டி எடுக்க எடுக்க, சுக்கானைப் பிடித்தபடி ஓர் எலும்புக்கூடு.

ஊரே பார்த்தது.

"மச்சான்... மாமா குதிக்கலை," என்றான் முஜ்பில். பிறகு அவன் மண்டையோட்டைக் காட்டினான். "அது... அக்கா போட்ட தையல்."

மண்டையோட்டைச் சுற்றி என் தலைத்துணி. மூலையில் என் மனைவி போட்ட சிவப்பு நூல்.

தொட்டுப் பார்த்தேன்.

அத்தனை சேற்றுக்குள்ளும்... துணி காய்ந்தே இருந்தது.