வண்டிக்குத் தெரியாத எடை

1. வாடை

பிரேக் பேடு கருகும் வாடையை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். சூடேறிய இரும்பும், தீய்ந்த முடியும், உருகிய பிசினும் சேர்ந்து தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்தாலும் போகாது.

போன மாதம் காரவள்ளியில், கொல்லிமலை அடிவாரத்தில், ஒரு டீக்கடை முன்னால் நின்றிருந்தேன். வளைவுகளையெல்லாம் முடித்து இறங்கிய வெள்ளை வண்டி ஒன்று எதிரே வந்து நின்றது. கண்ணாடிகள் இறங்கின. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். வாடை அவர்களுக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னை அறியாமல் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்த்தேன்.

"என்னங்க சார், பாம்புங்களா?" என்றார் கடைக்காரர்.

பாம்பு இல்லை. பழைய பழக்கம். முன் சக்கரம் கருகினால் பின்பக்கம் பார்ப்பது எனக்கு எப்படிப் பழக்கமானது என்பதைத்தான், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2. எட்டு சீட்டு

1997இல் நாமக்கல்லில் ஒரு வண்டி டீலரின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அப்போது கொல்லிமலை ஏறுகிற வண்டிகள் பஸ், லாரி, ஜீப் மட்டும்தான். ஜீப் எங்கும் ஏறும். ஆனால் அதில் குடும்பம் ஏறாது. மழை பெய்தால் பக்கவாட்டுப் படுதாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். புதுப்புடவை கட்டியவர்கள் ஏறமாட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு எட்டு சீட்டு வண்டிகள் ஊருக்குள் வந்தன. எஸ்யூவி என்ற சொல்லை அன்றைக்கு நாங்கள் யாரும் வாயில் போட்டதில்லை. எட்டு சீட்டு என்போம், பெரிய வண்டி என்போம். கூரை உண்டு, கதவு பூட்டும், டீசலில் ஓடும், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு குறுக்கு சீட்டு. கோழிப்பண்ணைக்காரர்கள் வாங்கினார்கள், லாரி முதலாளிகள் வாங்கினார்கள், போர்வெல் ரிக் ஓட்டிச் சம்பாதித்தவர்கள் வாங்கினார்கள். ஏன் இப்படி ஓடி ஓடி வாங்குகிறார்கள் என்று கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி கேட்டபோது எங்கள் சேல்ஸ்மேன் ஒரே வரியில் சொன்னார்: "கார் வாங்குனா அக்கா குடும்பமா தங்கச்சி குடும்பமான்னு ஊட்டுல சண்டை வரும் சார். இதுல ரெண்டும் ஏறிரும்."

வாங்குவதற்கு முன் இன்னொரு சடங்கும் உண்டு. "மலை ஏத்திக் காட்டுங்க" என்பார்கள். குடும்பம் மொத்தமும் ஏறிக்கொள்ளும். அறப்பளீசுவரர் கோயில் வாசல்வரை வண்டி மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்தால்தான் வியாபாரம். அப்படி ஒருமுறை ஒரு பண்ணைக்காரர் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, எட்டு சீட்டுன்னா எட்டுப் பேருதானுங்களா?"

"ஆமாங்க."

"குழந்தைகளும் கணக்குல வருமா?"

"வருமுங்க."

"அப்பக் கோழி?"

கூடையில் நேர்த்திக்கடனுக்குச் சேவல் ஒன்று இருந்தது. அது கணக்கில் வராது என்று சொல்லி ஏற்றிக்கொண்டேன்.

நல்ல வண்டிகள் அவை. ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, ஓட்டத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் வருடக்கணக்கில் சளைக்காமல் உழைக்கும். எங்களிடம் வந்த புகார்களும் கதவு கிரீச்சிடுகிறது, ஏசி பின் சீட்டுக்கு எட்டவில்லை என்பது போன்றவைதான். அந்த வண்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி மட்டும் மீண்டும் மீண்டும் கருகிக்கொண்டு வந்தது.

3. மலை வண்டி

கொல்லிமலை மேல் எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த பெரியசாமி, சடையன் என்ற அண்ணன் தம்பிகளின் வண்டி அது. அவர்கள் ஊரில் அதுதான் முதல் எட்டு சீட்டு. சடையன் அதற்கு முன்பு ரிக் லாரி ஓட்டினார். வடக்கே எங்கெங்கோ போர் போடும் ஊர்களில் வருடம் முழுக்கக் கிடந்துவிட்டு, நோன்பு, பண்டிகைக்கு மட்டும் மலைக்கு வருவார். அவர் மனைவி பாவாயிக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இதே கதைதான். வண்டி வாங்கியபோது பெரியசாமி சொல்லிவிட்டார்: குடும்பத்துக்கு ஒரு வண்டி, அதை ஓட்டத் தம்பி, இனி ரிக் வேண்டாம்.

அந்த ஏற்பாடு முன் பிரேக்கில் கருகத் தொடங்கியது. மலை இறங்கினால் வாடை. பேடு மாற்றிக் கொடுத்தோம், மறுபடி கருகியது. டிஸ்க் மாற்றினோம், கருகியது. மூன்றாம் முறை, காரவள்ளிக்குச் சற்று மேலே, பிரேக் பெடல் சொத்தென்று கால்பலகைவரை போய்விட்டது. சடையன் வண்டியை மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் உள்ளே பெரியசாமியின் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர், "டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல உட்டுட்டு வருவான்யா. மேல போய்ப் பார்த்துட்டு, டிரைவர் தப்புன்னு சொல்லிட்டு வந்துரு" என்று என்னை அனுப்பினார்.

மலைமேல் செம்மேட்டில் பஸ் இறங்கியதும் சடையனே அழைத்துப் போக வந்திருந்தார். முதலாம் கியரில், இரண்டாம் கியரில், பேசாமல் ஓட்டினார். ஏற்றத்தில் எந்த கியரோ இறக்கத்திலும் அதே கியர். கால் பிரேக்கைத் தொடுவது தெரியவே இல்லை. மேனேஜர் சொன்ன ஆள் இவரில்லை என்று வழியிலேயே தெரிந்துவிட்டது.

வாசலில் பெரியசாமி நின்றிருந்தார்.

"வாங்க மெக்கானிக்கு. வண்டி நல்ல வண்டிதானுங்க. ஓட்டறவந்தான் சரியில்லை."

"அண்ணா, ஒருநாளும் நியூட்ரல் போட்டதில்லை" என்றார் சடையன்.

"அப்பறம் எப்புடிடா தீயுது? எம்பட புள்ளைக ரெண்டும் உள்ள இருந்துச்சுடா. நானு முடிவு பண்ணீட்டேன். வண்டிய வித்துப்போடலாம். நீ ரிக்குக்குப் போறதுன்னா போ."

ரிக் முதலாளி ஏற்கெனவே ஆள் கேட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாராம். அன்று மாலைக்குள் சடையன் பதில் சொல்ல வேண்டும். பாவாயி கதவோரம் நின்றிருந்தார். முறத்தில் இருந்த மிளகைப் புடைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் மிளகைப் பார்க்கவும் இல்லை.

4. காலி

நான் வண்டியை எடுத்துத் தனியாகச் சில வளைவுகள் இறங்கி ஏறினேன். ஒன்றுமில்லை. பெடல் கெட்டியாக இருந்தது. வாடை இல்லை. திரும்பி வந்து அதைச் சொன்னதும் பெரியசாமி தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

பாவாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க மெக்கானிக்கு, காலி வண்டில என்னத்தப் பாப்பீங்க? காலி வண்டி என்னிக்குங்க கருகுச்சு? நாங்க எப்புடிப் போவோமோ அப்புடி ஏத்திப் பாருங்க."

ஏற்றினோம். அவர்கள் போகும் முறையை அப்போதுதான் பார்த்தேன். முன்னால் மூவர், நடுவில் நால்வர், பின்னால் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து நால்வர், காலுக்கடியில் மரவள்ளி மூட்டைகள், மேலே கேரியரில் அன்னாசி. சடையன் ஓட்ட, நான் பாவாயிக்கு எதிரே பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். இரண்டு வளைவு போனதும் பாவாயி சொன்னார்:

"இப்பப் பாருங்க. பிரேக்குப் புடிச்சாருன்னா முன்னங்கால மடக்குன எருமையாட்டம் தலையக் குத்தும். நாங்க பின்னாடி தூக்குல தொங்கறாப்புல இருக்கும்."

சடையன் பிரேக் பிடித்தார். எருமை மண்டியிட்டது. என் முதுகு சீட்டைவிட்டு எழுந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இத்தனை பாரத்துக்குப் பின்பக்கம் தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும். இது சேவலின் வால் போல நிமிர்ந்து நின்றது. அடியில் படுத்து நுழைந்தேன். பின் அச்சின் ஸ்பிரிங்கில், கம்பெனி கொடுத்த பட்டைகளுக்கு மேல் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன. அதே கறுப்புப் பெயின்ட், அதே கிளாம்ப். கம்பெனி வேலை போலவே இருந்தது. புகார் முன் சக்கரத்தில் என்பதால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் பின்னால் எட்டிப் பார்த்ததில்லை.

"இது ஏதுங்க அண்ணா?"

சடையன் முகம் மலர்ந்தது. "நாமக்கல் பட்டறைல போட்டதுங்க. வாங்குன அன்னிக்கே. ரிக்குல பட்டை ஏத்தாம எந்த வண்டியும் ரோட்டுக்கு எறங்காதுங்க. மூட்டை ஏத்துனா வண்டி உக்காரக் கூடாதில்லீங்களா?"

எங்கள் ஊர் அப்படி. லாரி கட்டிப் பிழைக்கும் ஊரில் புதுவண்டிக்குப் பட்டை ஏற்றுவது குழந்தைக்குக் காது குத்துவது போல. அந்த வண்டி குடும்ப வண்டி என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை.

நான் அவர்களை ரோட்டோரம் உட்கார வைத்துச் சொன்னேன். இந்த வண்டியின் வயிற்றுக்கடியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பின் அச்சுக்குப் போகிறது. ஆட்கள் ஏறினால் வண்டி தாழும், கம்பி நகரும். உள்ளே பாரம் இருக்கிறது என்று வால்வு தெரிந்துகொண்டு பின் சக்கரத்துக்குப் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும். வண்டி தாழவில்லையென்றால் காலி என்று எண்ணிக்கொண்டு குறைத்துவிடும். பட்டை ஏற்றியதால் இந்த வண்டி தாழவே இல்லை. இத்தனை பேர் மூச்சுவிட, பிள்ளைகள் பாட, மூட்டைகள் உருள, வண்டி மட்டும் தனக்குள் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு மலை இறங்கியது. பின் சக்கரம் சும்மா வந்தது. முன் சக்கரம் எல்லாரையும் ஒற்றையாகத் தாங்கிக் கருகியது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்ததும் பெடல் போய்விட்டது.

பெரியசாமி குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். "அப்ப வண்டி நம்மள எடை போட்டுப் பாக்குதுங்களா?"

"ஆமாங்க."

"பாத்தியாடா? நாஞ் சொன்னனில்ல. ஓட்டறவந்தான் சரியில்லைன்னு."

சடையன் தலை குனிந்தார். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. காரணம் கண்டுபிடித்தது அவருக்கு நல்லதாக முடியவில்லை. பழி திரும்ப அவர் மேலேயே வந்து நின்றது.

பாவாயிக்குக் கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. அவர் புருஷனைப் பார்த்து, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"ஏனுங்க, அன்னிக்குப் பட்டறைக்கு நீங்க ஒண்டியாவா போனீங்க?"

பெரியசாமி இருமினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"மூணு பட்டை ஏத்தச் சொன்னது நாந்தானுங்க. அவன் ரெண்டு போதும்ன்னான்."

பின்சீட்டில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நல்லவேளை, அவன் பேச்சக் கேட்டீங்க. மூணாவதும் ஏறியிருந்தா வண்டி தலைகீழா நின்னுருக்கும்."

5. இறக்கம்

செம்மேட்டில் தெரிந்த ஒரு ஷெட்டில் ஜாக்கி வைத்துப் பட்டைகளைக் கழற்றினோம். கம்பியைப் பழைய அளவுக்கு வைத்தேன், பிரேக் ஆயிலை மாற்றிக் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தேன், கையோடு கொண்டுபோயிருந்த பேடுகளைப் போட்டேன். எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது, மூட்டை லாரியில்தான் போக வேண்டும் என்று சொன்னேன்.

"எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் பெரியசாமி. பிள்ளைகளை மட்டும் வீட்டில் விட்டுவரச் சொன்னார்.

யார் ஏறுவது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவாயி போய் முன்சீட்டில், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் மற்றவர்கள் ஏறினார்கள். என்னோடு சேர்த்து எட்டு.

அந்த இறக்கத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வளைவுக்கு வளைவு எல்லாரும் மூக்கால் கேட்டுக்கொண்டு வந்தோம். ஒரு திருப்பத்தில் சில்வர் ஓக் இலை நசுங்கிய வாசம், ஒன்றில் குரங்கு மூத்திரம், ஒன்றில் யார் தோட்டத்திலோ பழுத்த பலா. பிரேக் பிடித்தபோது வண்டி மொத்தமாக, நாலு காலிலும் உட்கார்ந்தது. எனக்கு முதுகெலும்பில் அது தெரிந்தது.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்பகமான வண்டி என்று ஊர் சொன்னால் நம்புங்கள். ஆனால் அந்த நம்பகம், கம்பெனியைவிட்டு வெளியே வந்த நாளில் இருந்த வண்டிக்குத்தான். அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் ஆசையாக எதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். புகார் எந்தச் சக்கரத்தில் இருந்தாலும் நாலு சக்கரத்தையும் பாருங்கள். அதைவிட முக்கியம், வண்டியில் தினம் உட்கார்ந்து வருகிறவர்களைப் பேசவிடுங்கள்.

காரவள்ளியில் நிறுத்தியதும் பெரியசாமிதான் முதலில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன் சக்கரம் இரண்டிலும் மூக்கை வைக்காத குறையாகக் குனிந்து பார்த்தார். பின் சக்கரத்துக்கும் போனார். அங்கே கையை நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பின் சக்கரமும் சூடாக இருந்தது. அதுவும் வேலை செய்திருக்கிறது.

டீக்கடையை ஒட்டி எஸ்டிடி பூத் இருந்தது. ரிக் முதலாளிக்குப் பதில் சொல்லச் சடையன் உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்றோம். பாவாயி வண்டியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பூத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சடையன் வெளியே வந்தபோது எனக்கு நாமக்கல் பஸ்ஸும் வந்துவிட்டது. டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு, "என்ன சொன்னீங்க அண்ணா?" என்றேன்.

"வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லீட்டேனுங்க" என்றார் சடையன். என்னிடம் சொன்னாலும் அண்ணனைத்தான் பார்த்தார்.

பெரியசாமி அவரைப் பார்க்கவில்லை. மேலே, நாங்கள் இறங்கி வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ் படியில் கால் வைக்கும்போது அவர் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாளைக்குக் காலைல புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எறங்குடா. நானு ஊட்டுல இருந்துக்கறேன். எட்டுப் பேருக்கு மேல எடம் பத்தாது."